‘தானா முளைக்கும்’ என்கிற பொய்

யாழ்ப்பாணத்தில் கிளி வளர்க்கிற வீடுகளில் இந்தப் பேச்சு அடிக்கடி காதில் விழும். “செட்டையை வெட்டினால் அதுக்கு ஒண்டும் செய்யாது. தலைமயிர் மாதிரித்தானே, தானா முளைக்கும்.” சுன்னாகத்திலும் சொல்கிறார்கள், சாவகச்சேரியிலும் சொல்கிறார்கள். படித்தவர்களும் சொல்கிறார்கள். யாரும் கெட்ட மனதோடு சொல்வதில்லை, உண்மை என்று நம்பித்தான் சொல்கிறார்கள். அதனால்தான் இதை எதிர்த்து எழுத வேண்டியிருக்கிறது. தானாக முளைக்கும் என்று நம்புகிறவர் வெட்டியதோடு தன் வேலை முடிந்தது என்று இருந்துவிடுகிறார். கிளி சாவது வெட்டினால் மட்டுமல்ல, வெட்டிய பிறகு வரும் இந்தச் சும்மா இருத்தலாலும்தான்.

தலைமயிர் வேரிலிருந்து நாளும் பொழுதும் வளர்ந்துகொண்டே இருக்கும். நுனியை வெட்டினால் அடுத்த மாதம் நீண்டுவிடும். இறகு அப்படியல்ல. முழு நீளம் வந்ததும் அதன் வளர்ச்சி நின்றுவிடுகிறது, தண்டுக்குள் ஓடிய இரத்தமும் வற்றிவிடுகிறது. அதன் பிறகு வெட்டினால் வெட்டிய இடத்திலேயே நிற்கும், நூலளவும் நீளாது. அந்தக் கட்டை உதிர்ந்து, அதே குழியிலிருந்து புதிய இறகு எழும்பினால்தான் உண்டு. கிளி இறகு உதிர்ப்பது பொதுவாக ஆண்டுக்கு ஒரு தடவை. அதுவும் ஒரே நாளில் எல்லாம் கொட்டி முளைப்பதில்லை. ஒரு செட்டையின் வெளிப்புறத்தில் பத்துப் பெரிய பறப்பிறகுகள் இருக்கின்றன. நடுவிலுள்ள ஒன்று முதலில் விழும், அது ஓரளவு வளர்ந்த பிறகு பக்கத்திலுள்ளது விழும், இப்படி இருபுறமும் நகரும். காட்டுக் கிளி இறகு உதிர்க்கும் காலத்திலும் பறந்துகொண்டிருக்க வேண்டும் அல்லவா? அதற்காக அமைந்த ஒழுங்கு இது.

இந்த ஒழுங்கைத்தான் கத்தரிக்கோல் குலைக்கிறது. முளைக்கும் இறகு மெல்லிய உறைக்குள் சுருண்டு, தண்டு முழுக்க இரத்தத்தோடு வரும். கருநீலமாக, தொட்டால் மெதுமெதுப்பாக இருக்கும். வளர்ந்து முடியும்வரை அதற்கு இருபக்கத்திலும் உள்ள முழு இறகுகள்தான் காவல். அடி விழுந்தால் அவை தாங்கும், கூட்டுக் கம்பியில் உரசினால் அவை உரசும். பத்தையும் அடியோடு வெட்டிய செட்டையில் முதலாவதாக முளைக்கும் இறகு கட்டைகளுக்கு நடுவே தனியாக நீட்டிக்கொண்டு நிற்கிறது. கிளி ஒருமுறை தடுமாறி விழுந்தால் அது முறிகிறது, இரத்தம் கொட்டுகிறது. அடுத்தது முளைக்கிறது, அதுவும் முறிகிறது. இரண்டு மூன்று ஆண்டுகளாகப் பறக்காத கிளியைக் காட்டி “இது சோம்பேறிக் கிளி, பறக்கப் பஞ்சிப்படுது” என்று சொல்லும் வீடுகள் இருக்கின்றன. அது சோம்பேறி இல்லை. அதன் இறகை முளைக்க நாம் விடவில்லை.

கொக்குவிலில் ஒரு வீட்டு விறாந்தையில் அப்படிப்பட்ட ஒரு கிளியைத் துவாயில் சுற்றி எடுத்து, செட்டையை மெல்ல விரித்துப் பார்த்தேன். வலப்பக்கம் மட்டும் வெட்டியிருந்தார்கள். ஒரு பக்கம் வெட்டினால் போதும், சுற்றிச் சுற்றி விழும், தூரம் போகாது என்று யாரோ சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். கட்டைகள் சரிவாக வெட்டுப்பட்டு ஊசி முனையாக நின்றன. கிளி செட்டையை மடிக்கும்போதெல்லாம் அந்த முனைகள் விலாவில் குத்தியிருக்கின்றன. குத்துகிற இடத்தை அது அலகால் கடித்துக் கடித்து, அங்கே பச்சை இறகே இல்லாமல் தோல் சிவந்து கிடந்தது. நெஞ்செலும்பின் முனையில் பழைய காயம் ஒன்று கறுத்துத் தடித்திருந்தது. விழும்போதெல்லாம் நெஞ்சில் விழுந்திருக்கிறது. அந்த வீட்டு அம்மா கையைப் பிசைந்தபடி, “நாங்கள் பிள்ளை மாதிரித்தானே தம்பி வளக்கிறம், பழம் கொடுக்காத நாள் இல்லை” என்றார். அவர் சொன்னது உண்மை. பாசத்தில் குறையே இல்லை. அந்தப் பாசத்துக்கு இறகு எப்படி முளைக்கிறது என்று யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை.

அப்படியென்றால் வெட்டுப்பட்ட கிளிக்கு என்ன செய்வது? நிறைய இருக்கிறது, அநேகமாக எல்லாம் வீட்டிலேயே செய்யக்கூடியது.

முதலில் இரத்தம். சாதாரணப் பச்சைக்கிளியின் எடை ஏறக்குறைய 120 கிராம். அதன் உடம்பிலுள்ள இரத்தம் முழுவதையும் சேர்த்தாலும் ஒரு மேசைக்கரண்டி நிரம்பாது. முளைவிறகு முறிந்து சொட்டும் இரத்தத்தை “அது தானா நிக்கும்” என்று பார்த்துக்கொண்டிருக்க நேரமில்லை. சோளமாவையோ கோதுமை மாவையோ முறிந்த முனையில் வைத்து, விரலால் சில நிமிடம் விடாமல் அழுத்திப் பிடிக்க வேண்டும். நின்றுவிட்டால் கிளியை அரையிருட்டில் அமைதியாக விட வேண்டும். நிற்காவிட்டால் உடனே மிருக வைத்தியரிடம் கொண்டுபோக வேண்டும். நாமாகவே பிடுங்கக் கூடாது. எஞ்சிய கட்டைகளையும் “பிடுங்கினால் கெதியாய் முளைக்கும்” என்று சிலர் பிடுங்குகிறார்கள். பிடுங்கிய குழியில் புதிது சீக்கிரம் வருவது உண்மைதான். ஆனால் அந்த வலி கடும் வலி, குழி கிழிந்தால் பிறகு அந்த இடத்தில் இறகு கோணலாக வரும், அல்லது வரவே வராது. மயக்க மருந்து கொடுத்துச் செய்யும் வைத்தியருக்கு மட்டுமே உரிய வேலை அது. உதிர்ந்த நல்ல இறகை வெட்டிய தண்டுக்குள் மூங்கில் ஈர்க்கு வைத்து ஒட்டும் முறை ஒன்றும் உண்டு. வேட்டைக்குப் பருந்து வளர்த்தவர்கள் பல நூற்றாண்டுகளாகச் செய்துவந்ததை இன்று பறவை வைத்தியர்கள் செய்கிறார்கள். யாழ்ப்பாணத்து மிருக வைத்தியர்களுக்கு மாடும் ஆடும் நாயும்தான் அன்றாட வேலை. பறவை பார்த்துப் பழகியவர் கிடைக்காவிட்டால், பேராதனைப் பல்கலைக்கழக மிருக வைத்திய பீடத்திடம் ஆலோசனை கேட்டுச் சொல்லும்படி நமது வைத்தியரையே வேண்டிக்கொள்ளலாம்.

அடுத்தது கூடு. உயரமான வட்டக் கூடு வெட்டுப்பட்ட கிளிக்கு ஆகாது. அகலமான கூடு வேண்டும், இருக்கும் தடி நிலத்திலிருந்து ஒரு சாணுக்கு மேல் போகக் கூடாது, அடியில் பழைய சீலையை மடித்துப் போட வேண்டும். விழுந்தாலும் நெஞ்சு தப்பும். வழுக்கும் பிளாஸ்டிக் குழாயை எடுத்துவிட்டு வேப்பங் கொப்பையோ கொய்யாக் கொப்பையோ பட்டையோடு வையுங்கள். கொப்புகள் தடிப்பாகவும் மெல்லிசாகவும் கலந்து இருந்தால் கால் உறுதியாகப் பற்றும். இரவில் பூனை கூட்டடிக்கு வந்தால் கிளி திடுக்கிட்டு அடித்துக்கொள்ளும், முளைவிறகு முறிவதற்கு அது ஒன்றே போதும். கூட்டை உள்ளறைக்குள் எடுத்து, அரைவாசியைத் துணியால் மூடுங்கள்.

சாப்பாட்டைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகச் சொல்ல வேண்டும். இறகு என்பது முழுக்க முழுக்கப் புரதம். நெல்லும் வாழைப்பழமும் செத்தல் மிளகாயும் மட்டும் தின்கிற கிளிக்கு அந்தப் புரதம் எங்கிருந்து வரும்? (மிளகாய் தின்றால் கிளி பேசும் என்பதும் வெறும் கதை. பறவைகளுக்கு மிளகாய் உறைக்காது, அது பழம் தின்பதாக நினைத்தே தின்கிறது.) பயறும் கௌபியும் ஊறவைத்து முளைவந்ததும் கொடுங்கள். அவித்த முட்டையில் ஒரு சிறு துண்டு, கிழமையில் இரண்டு தரம். முருங்கையிலை, கரட், பப்பாசி. நெல்லில் இல்லாத உயிர்ச்சத்து ஏ இவற்றில் இருக்கிறது. முற்றத்து முருங்கையிலிருந்து ஒரு நெட்டை முறித்துக் கூட்டில் செருகினால் கிளி அதைத் தொங்கித் தொங்கித் தின்னும், காலுக்கும் செட்டைக்கும் அதுவே பயிற்சி. ஆனைக்கொய்யா மட்டும் வேண்டவே வேண்டாம், அது கிளிக்கு நஞ்சு. வேப்பெண்ணெய், நல்லெண்ணெய் பூசினால் இறகு வளரும் என்று பூசுகிறவர்களே, நிறுத்துங்கள். எண்ணெய் பட்ட இறகு ஒட்டிக்கொள்ளும், குளிரையும் மழையையும் தடுக்கும் தன்மையை இழக்கும். அதற்கு வேண்டியது காலையில் தெளிக்கும் வெறும் தண்ணீர். முளைவிறகின் உறை அதில் ஊறிக் கழன்றுவரும்.

இறகு வந்தால் போதுமா? மாதக்கணக்கில் அடிக்காத செட்டைக்கு நெஞ்சுத் தசை வற்றியிருக்கும். “பறக்குதோ பாப்பம்” என்று கிளியை மேலே எறிந்து பார்க்கும் பழக்கம் நமது வீடுகளில் இருக்கிறது. இதைவிடக் கொடுமை வேறில்லை. கிளி விரலை இறுகப் பற்றியிருக்கும்போது கையை மெல்லத் தாழ்த்துங்கள், தானே செட்டையடிக்கும். சில தடவை, மூச்சு வாங்கினால் நிறுத்துங்கள். பிறகு கட்டிலிலிருந்து கதிரைக்கு. பனம்பொந்திலிருந்து குஞ்சாகவே எடுத்து, முதல் பறப்புக்கு முன்னரே வெட்டப்பட்ட கிளிக்கு இன்னும் நீண்ட பொறுமை வேண்டும். அது ஒருபோதும் பறந்ததே இல்லை, எப்படி இறங்குவது என்பதையும் அது இனித்தான் பழக வேண்டும்.

இனி எதிர்வாதத்துக்கு வருவோம். “வெட்டாட்டி பறந்துபோய்க் காகம் கொத்திப்போடும், வெட்டுறது அதின்ரை பாதுகாப்புக்குத்தான்.” நல்லெண்ணத்தோடு சொல்லப்படுவது. ஆனால் சோளகம் வீசும் மாதங்களில் இந்தப் பாதுகாப்பு என்ன ஆகிறது? அரைகுறையாக வெட்டிய கிளியைக் காற்று வேலிக்கு மேலால் தூக்கிக்கொண்டு போகும். போன கிளியால் எதிர்க்காற்றில் திரும்பி வர முடியாது. மரத்தில் ஏற முடியாமல் நிலத்தில் நிற்கும் கிளியைத்தான் காகமும் பூனையும் கீரியும் பிடிக்கின்றன. நமது முற்றங்களில் கிணறு வேறு திறந்து கிடக்கிறது. பறக்கத் தெரிந்த கிளி கிணற்றுக்கட்டில் இருந்து எழும்பிப் போகும், வெட்டிய கிளி உள்ளே விழும். தெரிந்த வைத்தியர் இருபக்கமும் சமமாக, வெளியிறகு சிலவற்றை மட்டும் குறைத்து, கிளி மெல்ல இறங்கக்கூடியதாக வெட்டுவது உண்டு. அதை நான் மறுக்கவில்லை. நமது வீடுகளில் நடப்பது அதுவல்ல. கோழி பிடிப்பதுபோல் அமுக்கிப் பிடித்து, தையல் கத்தரிக்கோலால் அடியோடு நறுக்குவது.

வெட்டினால்தான் வீட்டோடு ஒட்டும் என்கிறார்கள். சென்னை இராயப்பேட்டையில் கமரா திருத்தும் தொழில் செய்த யோசப் சேகர் 2004ஆம் ஆண்டு சுனாமிக்குப் பிறகு மொட்டைமாடியில் அரிசி வைக்கத் தொடங்கினார். நாளடைவில் அங்கே வந்த பச்சைக்கிளிகள் ஆயிரக்கணக்கில். கூடும் இல்லை, கத்தரிக்கோலும் இல்லை. அருணகிரிநாதர் கிளியாகி அநுபூதி பாடினார் என்ற கதையை நல்லூர் வீதியில் பக்தியோடு கேட்கிற நமக்கு, கிளி முடமானால்தான் நம்மோடு இருக்கும் என்ற எண்ணம் எங்கிருந்து வந்தது?

1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி இரவு போருக்கு அஞ்சி வலிகாமம் முழுவதும் வெளிக்கிட்டு நடந்தபோது, ஆட்டையும் மாட்டையும் அவிழ்த்துவிட்டுத்தான் போனோம். அவிழ்த்துவிட்ட மாடு எங்கேயாவது மேயும். செட்டை வெட்டிய கிளிக்குக் கூட்டுக் கதவைத் திறந்துவிடுவதில் என்ன பொருள் இருக்கிறது? ஓட வேண்டிய நேரம் எல்லா உயிருக்கும் வரலாம் என்று நம்மைவிட நன்றாக அறிந்தவர்கள் யார்?

சட்டத்தை நம்பிப் பயனில்லை. மிருகங்களுக்குக் கொடுமை செய்வதைத் தடுக்கும் நமது கட்டளைச் சட்டம் 1907ஆம் ஆண்டினது, அதில் எழுதிய தண்டப்பணம் 100 ரூபாய். இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குச் சட்டப்படி இந்தக் கிளிகளைக் கூட்டில் வைத்திருப்பதே குற்றம். 2024 ஏப்ரலில் கடலூரில் தேர்தல் வேட்பாளர் ஒருவருக்குக் கிளி ஜோசியம் சொன்னவரை வனத்துறை பிடித்ததும், கிளிகளைக் கைப்பற்றியதும் அதன்படிதான். இங்கே கத்தரிக்கோலைக் கீழே வைக்க வேண்டியது நாமேதான்.

இறகு முழுதாக வந்ததும் பெரும்பாலான வீடுகளில் முதலில் எழும் பேச்சு, “இனி ஒருக்கா வெட்ட வேணும்” என்பதுதான். வேண்டாம். அந்தக் கிழமை யன்னல்களுக்குக் கொசுவலை அடியுங்கள். கிளி வெளியே இருக்கும் நேரம் மின்விசிறியை நிறுத்துங்கள், அடுப்படிக் கதவைச் சாத்துங்கள். பெரிய கண்ணாடிக்கு மேல் ஒரு சீலையைப் போடுங்கள், இல்லாவிட்டால் கிளி தெரியாமல் போய் மோதும். கிணற்றுக்கு வலை போடுங்கள். வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் அதை எப்போதோ போட்டிருக்க வேண்டும்.