பட்டியலில் வராத பிரிண்டர்

“பிரிண்டரைப் பற்றி எழுதப் போகிறேன்” என்று சொன்னதும் விடுதியில் ஒரே சிரிப்பு. “ஏண்டா, ரோபோ இருக்கு, செயற்கை நுண்ணறிவு இருக்கு, ராக்கெட் இருக்கு. போயும் போயும் பிரிண்டரா?” என்று கேட்டான் அறை நண்பன். சிரிக்கட்டும்! நம்மில் எத்தனை பேர் ராக்கெட் விடப் போகிறோம்? டிப்ளமோ முடித்து வெளியே போனதும் பலருக்கு வாய்க்கும் முதல் வேலை, ஏதோ ஓர் அலுவலகத்தின் கம்ப்யூட்டர்களையும் பிரிண்டர்களையும் கட்டிக்கொண்டு மாரடிப்பதுதான். அந்த வேலையில் ஒரு பள்ளம் இருக்கிறது. அதில் நான் ஒருமுறை விழுந்திருக்கிறேன். நீங்கள் விழக்கூடாது என்பதற்காகவே இந்தக் கட்டுரை.

முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். நாலைந்து ஊரில் கிளைகள் உள்ள ஓர் அலுவலகத்தில் ஐம்பது, அறுபது பிரிண்டர்கள் நெட்வொர்க்கில் இணைந்திருக்கும். ஒவ்வொன்றாகப் போய்ப் பார்க்க முடியாது. அதற்காகவே மேலாண்மை மென்பொருள் உண்டு. தலைமை அலுவலகத்தில் உட்கார்ந்தபடி எல்லா பிரிண்டர்களையும் ஒரே பட்டியலில் பார்க்கலாம். பெயர், மாடல், இருக்கும் இடம், டோனர் அளவு, இப்போதைய நிலை எல்லாம் வரிசையாகத் தெரியும். பட்டியல் நீளமாக இருந்தால் ஃபில்டர் போடலாம். “கம்பம் கிளையில் உள்ளவை மட்டும்”, “டோனர் பத்து சதவீதத்துக்குக் கீழே போனவை மட்டும்” என்று கேட்டால் அவை மட்டும் நிற்கும், மற்றவை மறைந்துவிடும்.

மறைந்துவிடும்! இந்தச் சொல்லைத்தான் கவனிக்க வேண்டும்.

நான் செய்த தவறு

விடுமுறையில் இரண்டு வாரத் தொழிற்பயிற்சிக்காகத் தேனியில் ஓர் அலுவலகத்துக்குப் போயிருந்தேன். சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம், கூடலூர் என்று பள்ளத்தாக்கு நெடுகக் கிளைகள். தினமும் காலையில் பட்டியலைப் பார்த்து, எது பழுது என்று பொறுப்பாளர் சாரிடம் சொல்வது என் வேலை. முதல் நாளே எனக்குப் பெரிய புத்திசாலித்தனம் வந்துவிட்டது. அறுபது வரியை எவன் படிப்பான்? “நிலை: கோளாறு” என்று ஒரு ஃபில்டரைப் போட்டுச் சேமித்து வைத்தேன். மறுநாள் திறந்தேன், பட்டியல் காலி. “எல்லாம் சரியா இருக்கு சார்!” அடுத்த நாளும் காலி. அதற்கடுத்த நாளும் காலி. மூன்று நாளும் அதே பதில், அதே பெருமை.

நான்காம் நாள் வேறொரு வேலையாக அண்ணன் ஒருவருடன் கம்பம் கிளைக்கு அனுப்பினார்கள். அங்கே வாசல் பெஞ்சில் சுருளிப்பட்டியிலிருந்து வந்த அப்பத்தா ஒருவர் உட்கார்ந்திருந்தார். கழுத்தில் அடையாள அட்டையோடு நான் நுழைந்ததும், “ஏப்பா தம்பி, இன்னைக்காச்சும் மிஷினு ஓடுமா? மூணு நாளா பஸ்ஸுக்குக் காசு குடுத்து வந்துட்டுத் திரும்புறேன்” என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

உள்ளே போய்ப் பார்த்தால், பிரிண்டர் நன்றாகத்தான் இருக்கிறது. அதற்கு இணைப்புத் தரும் சின்ன ஸ்விட்ச் பெட்டியின் அடாப்டர் செத்துக் கிடக்கிறது. புது அடாப்டர் மாட்டியதும் தேங்கிக் கிடந்த தாள்கள் எல்லாம் கடகடவென்று வெளியே வந்தன. கிளை ஊழியரிடம், “ஏன் சார் போன் பண்ணலை?” என்று கேட்டேன். “தேனியிலே கம்ப்யூட்டர்ல தெரியும்ல, அங்கேயிருந்தே ஆள் வரும்னு இருந்துட்டோம்” என்றார். அவர்கள் என் பட்டியலை நம்பினார்கள். நான் என் ஃபில்டரை நம்பினேன். நடுவில் அப்பத்தாவுக்குப் போனது மூன்று நாள்.

திரும்பி வந்து ஃபில்டரை எடுத்துவிட்டுப் பார்த்தேன். முந்தைய நாள் பதிவுகளில் அந்தப் பிரிண்டர் இருக்கிறது. நிலை என்ற கட்டத்தில் “பதில் இல்லை” என்று இருக்கிறது. நான் கேட்டது “கோளாறு”. “பதில் இல்லை” என்பது வேறு சொல். கம்ப்யூட்டர் நான் கேட்டதற்குச் சரியாகத்தான் பதில் சொல்லியிருக்கிறது. கேள்விதான் தப்பு!

பதில் சொன்னால்தானே கோளாறு தெரியும்?

இது ஏன் நடக்கிறது? மேலாண்மை மென்பொருள் பிரிண்டரிடம் எஸ்.என்.எம்.பி. என்ற நெறிமுறையில் கேள்வி கேட்கிறது. பிரிண்டர் பதில் அனுப்புகிறது. தாள் சிக்கிக்கொண்டது, மூடி திறந்திருக்கிறது, டோனர் தீர்ந்தது என்று சொல்ல வேண்டுமானால் பிரிண்டருக்கு உயிர் இருக்க வேண்டும், கம்பியும் இருக்க வேண்டும். இரண்டில் ஒன்று இல்லையென்றால் அது தன் கோளாறைத் தானே சொல்ல முடியாது. கொஞ்சம் சீக்கான ஆள் “வலிக்குது” என்று சொல்வான், மயங்கி விழுந்தவன் சொல்ல மாட்டான். யாரை முதலில் பார்க்க வேண்டும்?

டோனர் கதை இன்னும் வேடிக்கை. பிரிண்டர்கள் எந்தத் தகவலை எப்படிச் சொல்ல வேண்டும் என்று ஒரு பொதுத் தரம் 1995-ல் வந்தது, 2004-ல் திருத்தப்பட்டது. அதன்படி டோனர் அளவு என்ற இடத்தில் எப்போதும் அளவுதான் வரும் என்று இல்லை. –2 என்று வந்தால் “எவ்வளவு என்று தெரியவில்லை” என்று பொருள். –3 என்று வந்தால் “கொஞ்சம் இருக்கிறது, அளவு தெரியாது” என்று பொருள். நம் பக்கத்துக் கடைகளிலும் அலுவலகங்களிலும் ரீஃபில் செய்த டோனர்தானே அதிகம்? அப்படிப்பட்டவற்றில் பல, அளவைச் சொல்வதில்லை. இப்போது “பத்துக்குக் கீழே” என்று ஃபில்டர் போட்டால் என்ன ஆகும்? –2 என்பது கணக்குப்படி பத்துக்குக் கீழேதான். எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ளும் மென்பொருள் என்றால் ரீஃபில் பிரிண்டர்கள் அத்தனையும் வந்து குவியும். குறை எண்களை ஒதுக்கும் மென்பொருள் என்றால் அவற்றில் ஒன்றுகூட வராது, உண்மையிலேயே தீர்ந்து போனதும் வராது. நம் கையில் இருக்கும் மென்பொருள் எந்த ரகம் என்று சோதித்துப் பார்க்காமல் அந்த ஃபில்டரை நம்புவது கண்ணைக் கட்டிக்கொண்டு குமுளி மலைப்பாதையில் வண்டி ஓட்டுவதுதான்.

இடம் என்ற கட்டம் வேறொரு தலைவலி. அதைக் கையால்தான் நிரப்புகிறார்கள். கம்பத்தை ஆங்கிலத்தில் ஒருவர் ‘சி’ எழுத்தில் தொடங்குவார், இன்னொருவர் ‘கே’ எழுத்தில் தொடங்குவார். போடிக்கு ஒருவர் “போடி” என்று மட்டும் போடுவார், ஒருவர் போடிநாயக்கனூர் என்று முழுசாய்ப் போடுவார், அதிலும் ஒருவர் ஒரு ‘கே’, ஒருவர் இரண்டு ‘கே’. ஊர்ப்பெயரின் ஆங்கில எழுத்துக்கூட்டல் நம் மாநிலத்துக்கே தீராத வழக்கு. 2020 ஜூனில் தமிழ்நாடு அரசு 1,018 ஊர்ப்பெயர்களைத் தமிழ் உச்சரிப்புக்கு ஏற்ப மாற்றி ஆணை வெளியிட்டு, எழுத்துக்கூட்டல் பற்றிக் குறை எழவும் சில நாட்களிலேயே திரும்பப் பெற்றது. அரசுக்கே அந்தப் பாடு என்றால், அவசரத்தில் பிரிண்டர் மாட்டிவிட்டுப் போகிற நம் போன்றவர்கள் எம்மாத்திரம்?

சிலர் அந்தக் கட்டத்தை நிரப்பாமலே விட்டுவிடுவார்கள். டி.பி.எம்.எஸ். பாடத்தில் ‘நல்’ என்று படித்தோமே, நினைவிருக்கிறதா? “இடம் கம்பம்” என்று கேட்டாலும் அந்த வரி வராது, “இடம் கம்பம் அல்ல” என்று கேட்டாலும் வராது. தேர்வுக்காக மனப்பாடம் செய்த இரண்டு மார்க் கேள்வி அது. கம்பம் கிளை பெஞ்சில் அப்பத்தா உட்கார்ந்திருக்கும்போதுதான் அதன் அர்த்தம் புரியும்.

சும்மா இருந்த பிரிண்டர்

“ஒரு பிரிண்டர் பதில் சொல்லாததால் குடி முழுகிப் போகுமா?” என்று கேட்பவர்கள் வங்கதேச மத்திய வங்கியின் கதையைக் கேளுங்கள். 2016 பிப்ரவரி 5, வெள்ளிக்கிழமை காலை. பணப் பரிமாற்றச் செய்திகளைத் தானாக அச்சடிக்க வேண்டிய பிரிண்டர் ஒன்றும் அச்சடிக்காமல் நின்றிருந்தது. வழக்கமான கோளாறு என்று ஊழியர்கள் எடுத்துக்கொண்டார்கள். உண்மையில் வங்கியின் கம்ப்யூட்டருக்குள் புகுந்த திருடர்கள், தாங்கள் அனுப்பிய செய்திகள் தாளில் வந்துவிடக் கூடாது என்று அதை முடக்கி வைத்திருந்தார்கள். நியூயார்க்கில் இருந்த வங்கதேசத்தின் கணக்கிலிருந்து ஏறத்தாழ 95 கோடி டாலரை எடுக்க முயன்றார்கள். 8 கோடியே 10 லட்சம் டாலர் பிலிப்பைன்ஸுக்குப் போயே போய்விட்டது. இலங்கைக்கு அனுப்பிய 2 கோடி டாலர், பெறும் அமைப்பின் பெயரில் ஓர் எழுத்துப்பிழை இருந்ததால் சந்தேகம் வந்து தடுக்கப்பட்டது. திருட்டைக் காட்டிக் கொடுக்கக் கூடிய முதல் அடையாளம், பேசாமல் நின்ற அந்தப் பிரிண்டர்தான்!

இன்னொன்றும் உண்டு. 2018 நவம்பரில் உலகின் பல மூலைகளில் பிரிண்டர்கள் திடீரென்று ஒரு யூடியூப் சேனலுக்கு ஆதரவு கேட்டுத் துண்டுச்சீட்டு அச்சடித்தன. சுமார் 50,000 பிரிண்டர்களுக்கு அனுப்பியதாக அதைச் செய்தவரே சொல்லிக்கொண்டார். அவர் எப்படிப் பிடித்தார்? இணையத்தில் திறந்து கிடக்கும் கருவிகளைத் தேடித் தரும் ஒரு தளத்தில் தேடி எடுத்தார், அவ்வளவுதான். சொந்தக்காரர்களின் பட்டியலில் இருந்ததோ இல்லையோ, முன்பின் தெரியாத ஆளின் பட்டியலில் அந்தப் பிரிண்டர்கள் இருந்தன. ஃபில்டர் போட்டு நின்றவற்றுக்கு மட்டும் கடவுச்சொல்லை மாற்றிவிட்டு “வேலை முடிந்தது” என்று எழுந்து போனால், மறைந்து நின்றவற்றின் கதி இதுதான்.

போடி சல்லடை

அப்படியானால் ஃபில்டரே வேண்டாமா? அப்படிச் சொல்லவில்லை. அறுபது வரியைத் தினமும் கண்ணால் மேய்ந்தால், பத்தாம் வரியிலேயே கொட்டாவி வந்துவிடும். ஃபில்டர் வேண்டும். ஆனால் அதை எப்படிப் பயன்படுத்துவது என்று போடியில் ஏலக்காய் சலிக்கிறவர்களைக் கேட்க வேண்டும். 7 மில்லிமீட்டர் சல்லடையில் நிற்பது ஒரு தரம். விழுவதை 6 மில்லிமீட்டரில் சலிப்பார்கள், அதில் நிற்பது அடுத்த தரம். அதிலும் விழுவது அடுத்த தட்டுக்குப் போகும். கீழே விழுந்ததை யாராவது “இல்லை” என்று சொல்வார்களா? அதற்கும் ஒரு குவியல் உண்டு, ஒரு விலை உண்டு. எல்லாக் குவியலையும் கூட்டினால் முதலில் கொட்டிய மூட்டையின் கணக்கு வர வேண்டும். வராவிட்டால் எங்கோ சிந்தியிருக்கிறது என்று அர்த்தம்.

நம் வேலையும் இதுதான். “கோளாறு” எத்தனை, “சரி” எத்தனை, “எச்சரிக்கை” எத்தனை, “பதில் இல்லை” எத்தனை? நான்கையும் கூட்டினால் அறுபது வர வேண்டும். கூட்டுவதற்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. அந்த ஒரு நிமிடத்தை நான் செலவிட்டிருந்தால் மூன்று நாள் மிச்சமாகியிருக்கும்.

அந்த அறுபது என்ற எண்ணும் சரிதானா என்று பார்க்க வேண்டும். யு.எஸ்.பி. கம்பியில் ஒரே கம்ப்யூட்டரோடு தொங்கும் பிரிண்டரை இந்த மென்பொருள் சாதாரணமாகக் கண்டுபிடிக்காது. ரூட்டருக்கு அந்தப் பக்கம் வேறு நெட்வொர்க்கில் இருப்பவற்றை, அந்த முகவரிகளையும் தேடச் சொன்னால்தான் காட்டும். ஆகவே திரைப் பட்டியலுக்கு வெளியே, நோட்டில் கையால் எழுதிய பட்டியல் ஒன்று எப்போதும் வேண்டும். அதை நடந்து போய், கண்ணால் பார்த்துத்தான் எழுத முடியும்.

இதை வைத்து நம் பேரவைக்கும் ஆய்வக ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். நெட்வொர்க் ஆய்வகத்தில் ஐ.பி. முகவரி கொடுக்கிறோம், பிங் அடிக்கிறோம், ரெக்கார்டு எழுதிக் கையெழுத்து வாங்குகிறோம். அதோடு ஒரு பயிற்சியாவது இதற்காக இருக்கட்டும். கல்லூரியின் பிரிண்டர்களை எல்லாம் மாணவர்கள் நடந்து போய் எண்ணட்டும், மென்பொருள் காட்டும் எண்ணிக்கையோடு ஒப்பிடட்டும், வித்தியாசம் ஏன் என்று எழுதட்டும். ஒரு பிரிண்டரின் கம்பியை வேண்டுமென்றே கழற்றிவிட்டு, எந்த ஃபில்டரில் அது வருகிறது, எதில் வரவில்லை என்று பார்க்கட்டும். பைசா செலவில்லை. எந்தப் புத்தகத்தையும் விட நன்றாக மனதில் நிற்கும்.

நண்பர்களே! நாளைக்கு நீங்கள் ஓர் அலுவலகத்தில் திரையின் முன்னால் உட்காரும்போது, காலியான பட்டியலைப் பார்த்து உடனே சந்தோஷப்படாதீர்கள். “நான் என்ன கேட்டேன்? பதில் சொல்லாதவர்கள் எத்தனை பேர்?” என்று ஒருமுறை கேளுங்கள். பிறகு ஃபில்டரை எடுத்துவிட்டு முழுப் பட்டியலையும் பாருங்கள். அப்புறம் சொல்லுங்கள், “எல்லாம் சரியா இருக்கு சார்” என்று. அன்றைக்கு அந்த அப்பத்தாவிடம் நான் மன்னிப்புக் கேட்கவில்லை. யாரால் தாமதம் என்று அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.