கணக்குப் பார்க்காமல் காசு வைக்கலாமா?

காஞ்சீபுரத்தில் பாண்டவ தூதர் கோவில் இருக்கிறது. திருப்பாடகம் என்று பெயர். அங்கே கண்ணபிரான் சுமார் 25 அடி உயரத்தில் அமர்ந்து காட்சி தருகிறார். பாண்டவர்களுக்காகத் தூது போன கண்ணன் அவர்.

தூது போக நேர்ந்தது ஏன்? தருமர் சூதாடினார். நாட்டை வைத்தார், போயிற்று. தம்பிகளை வைத்தார், தம்மையும் வைத்தார். கடைசியில் பாஞ்சாலியையும் வைத்துத் தோற்றார். அடுத்த ஆட்டத்தில் எல்லாம் திரும்பி வந்துவிடும் என்று நம்பினார்.

நளனும் சூதில் நாடு இழந்தவனே. ஆனால் அவன் பிறகு பாடம் படித்தான். அயோத்தி மன்னன் இருதுபன்னன் ஒரு தான்றி மரத்தைப் பார்த்தவுடன் காய்களின் எண்ணிக்கையைச் சொன்னான். அந்த வித்தையை நளனுக்கும் கற்றுக் கொடுத்தான். அதன் பிறகே நளன் நாட்டை மீட்டான்.

இன்று சூதாட்டம் செல்போனுக்குள் வந்துவிட்டது. ரம்மியும் போக்கரும் திறமை ஆட்டங்கள் என்று 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் கூறியது. திறமையானாலும் அதிர்ஷ்டமானாலும், ஆன்லைனில் பணம் வைத்து ஆடத் தடை விதித்து 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது. ஆனாலும், "எனக்குத் திறமை உண்டு" என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள்.

திறமை என்பது என்ன?

போக்கரில் சீட்டு 52. ஒருவர் கையில் 2, மேசையில் 4. இந்த ஆறில் நான்கு இஸ்பேட். இன்னும் ஒரு சீட்டு விழ வேண்டும். அதுவும் இஸ்பேட் என்றால் அவருக்கு வெற்றி என்று வைத்துக்கொள்வோம்.

தெரியாத சீட்டு 46. அவற்றில் இஸ்பேட் 9. ஆக, 46 தடவையில் 9 தடவைதான் வெற்றி. 37 தடவை தோல்வி!

நடுவில் ரூ.300 சேர்ந்திருக்கிறது. ஆட்டத்தைத் தொடர ரூ.100 கட்ட வேண்டும். கட்டலாமா?

9 வெற்றிக்கு வரவு ரூ.2,700. 37 தோல்விக்குச் செலவு ரூ.3,700. நஷ்டம் ரூ.1,000!

இன்னொரு விதமாகவும் பார்க்கலாம். அவரும் கட்டினால் நடுவில் ரூ.400 ஆகும். அதில் அவருடைய பங்கு சுமார் ரூ.78தான். ரூ.78 பெறும் சரக்குக்கு ரூ.100 கொடுப்பதா? சரிகையை எடை பார்த்து வாங்கும் நெசவாளி இதற்குச் சம்மதிப்பாரா?

ஏமாறும் இடம்

நடுவில் ரூ.500 இருந்தால்? வரவு ரூ.4,500, செலவு ரூ.3,700. கணக்கு லாபம் காட்டுகிறது. ஆனால் பலர் ஏமாறுவது இங்கேதான்.

அந்த லாபம் பல தடவை ஆடினால் வரக்கூடிய சராசரி. ஒரு தடவை ஆடினால் தோற்பதற்கே வாய்ப்பு அதிகம். நடத்துகிறவருடைய கமிஷன் வேறு. பல நாள் தறியில் உட்கார்ந்து ஒரு சேலையை முடித்து வாங்கிய கூலி ஒன்றே ஒன்று. அது போனால், அடுத்த ஆட்டத்துக்குப் பணம் ஏது? கடன்தான்! அடுப்பு எரிவது எப்படி?

ஆகவே, கணக்குத் தெரியாதவர் ஆடக் கூடாது. கணக்குத் தெரிந்தவர் வீட்டுப் பணத்தை வைக்கவே மாட்டார்.

இந்தக் கணக்கைப் பிள்ளைகளுக்குப் பள்ளியிலேயே சொல்லிக் கொடுக்க வேண்டும். வீட்டில் பெற்றோரும் சொல்லிக் கொடுக்கலாம். ஒரு சீட்டுக்கட்டும் ஒரு பென்சிலும் போதும். காசு வேண்டாம்!