வாட்ஸ்அப் முடங்கினாலும் மெசேஜ் போகுமா? சர்வரே இல்லாத நெட்வொர்க்... எப்படி வேலை செய்கிறது, எங்கே சறுக்குகிறது?

2025 செப்டம்பர் 4. நேபாளத்தில் ஃபேஸ்புக், வாட்ஸ்அப், யூடியூப், இன்ஸ்டாகிராம், எக்ஸ் உள்பட 26 சமூக வலைதளங்களுக்கு அந்நாட்டு அரசு தடை போட்டது. உள்நாட்டில் பதிவு செய்துகொள்ள 7 நாள் கெடு கொடுத்தும் இந்த நிறுவனங்கள் வரவில்லை என்பது அரசு சொன்ன காரணம்.

வளைகுடாவிலும் மலேசியாவிலும் வேலை பார்க்கும் பிள்ளைகளோடு தினமும் வாட்ஸ்அப்பில் பேசி வந்த நேபாளக் குடும்பங்களுக்கு அந்த வழி ஒரே உத்தரவில் அடைபட்டது. ஏற்கெனவே ஊழல் மீது கோபத்தில் இருந்த இளைஞர்கள் செப்டம்பர் 8-ம் தேதி தெருவுக்கு வந்தனர். அன்று மட்டும் 19 பேர் உயிரிழந்தனர். அன்றிரவே தடை விலக்கப்பட்டது. மறுநாள் பிரதமர் கே.பி. சர்மா ஒலி ராஜினாமா செய்தார்.

அந்த நாட்களில் நேபாளத்தில் டவுன்லோட் எண்ணிக்கை திடீரென எகிறிய செயலிகளில் ஒன்று பிட்சாட். ட்விட்டரைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஜாக் டோர்சி 2025 ஜூலையில் வெளியிட்டது. இதற்கு சிம் வேண்டாம். போன் நம்பர் வேண்டாம். பக்கத்தில் இருப்பவரோடு பேச இன்டர்நெட்டும் வேண்டாம், புளூடூத் போதும். நடுவில் சர்வர் என்று ஒன்றே கிடையாது.

அதெப்படி சாத்தியம்? நம்ம ஊருக்கு இது எவ்வளவு தூரம் உதவும்? பார்க்கலாம்.

மையம் என்றால் என்ன?

நீங்கள் வாட்ஸ்அப்பில் அனுப்பும் 'வீட்டுக்கு வந்துட்டேன்' என்ற மெசேஜ், பக்கத்து அறையில் இருக்கும் அம்மாவுக்கு நேராகப் போவதில்லை. முதலில் மெட்டா நிறுவனத்தின் சர்வருக்குப் போய், அங்கிருந்து அம்மாவின் போனுக்குத் திரும்பி வருகிறது.

ஊருக்கே ஒரே மேல்நிலைத் தொட்டி இருப்பது போலத்தான் இது. குழாயைத் திறந்தால் தண்ணீர் வரும், பராமரிப்பு பற்றி நாம் கவலைப்பட வேண்டாம். ஆனால் தொட்டியில் விரிசல் விழுந்தாலோ, யாராவது வால்வை மூடினாலோ ஊர் முழுக்க வறண்டுபோகும். வீட்டுக்கு வீடு கிணறு இருந்தால் அப்படி நடக்காது.

இதில் வேடிக்கை என்னவென்றால், இன்டர்நெட்டே கிணறு மாதிரி யோசித்துப் பிறந்ததுதான். அமெரிக்காவின் ரேண்ட் நிறுவனத்தில் வேலை பார்த்த பால் பேரன் என்ற பொறியாளர், 1964-ல் வெளியான தன் ஆய்வில் இதை விளக்கினார். எல்லா இணைப்பும் ஒரே மையத்தில் சேர்ந்தால், அந்த மையத்தின் மீது ஒரு குண்டு விழுந்தாலே போதும், எல்லாம் முடிந்துவிடும். மீன்வலை மாதிரி பின்னிவிட்டால், சில முடிச்சுகள் அறுந்தாலும் செய்தி வேறு வழியில் போய்விடும். இன்டர்நெட்டின் அடிப்படை அந்த வலைதான். அதன் மேல் நாம்தான் நாலைந்து பெரிய தொட்டிகளைக் கட்டிக்கொண்டோம்.

தொட்டி எப்படியெல்லாம் காலியாகும்?

மூன்று வழிகள். மூன்றையும் உலகம் பார்த்தாச்சு.

ஒன்று, நிறுவனத்தின் தவறு. 2021 அக்டோபர் 4 இரவு 9 மணிக்கு மேல் ஃபேஸ்புக், வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராம் மூன்றும் ஒரே நேரத்தில் நின்றன. ஹேக்கர் வேலை இல்லை. வழக்கமான பராமரிப்பின்போது கொடுக்கப்பட்ட ஒரு கட்டளை, ஃபேஸ்புக்கின் டேட்டா சென்டர்களுக்கு இடையிலான இணைப்பு மொத்தத்தையும் துண்டித்துவிட்டது. சரிசெய்ய சுமார் 6 மணி நேரம் ஆனது. அன்று ஒரே நாளில் 7 கோடி புதிய பயனர்கள் தங்களிடம் வந்ததாக டெலிகிராம் நிறுவனர் பாவெல் துரோவ் சொன்னார். டெலிகிராமும் ஒரே நிறுவனத்தின் சர்வர்தான். ஒரு தொட்டி காலியானதும் மக்கள் இன்னொரு தொட்டியைத் தேடி ஓடினார்கள், அவ்வளவுதான்.

இரண்டு, அரசின் உத்தரவு. நேபாளம் இதற்கு உதாரணம். இந்தியாவிலும் இது புதிதல்ல. 2024-ல் மட்டும் இந்தியாவில் 84 முறை இன்டர்நெட் முடக்கப்பட்டதாக ஆக்சஸ் நவ் அமைப்பின் அறிக்கை கணக்குச் சொல்கிறது. காலவரையின்றி இன்டர்நெட்டை நிறுத்தி வைக்கக் கூடாது என்று 2020 ஜனவரியில் காஷ்மீர் வழக்கில் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது.

மூன்று, இயற்கை. 2015 டிசம்பர் வெள்ளத்தையும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலையும் சென்னைவாசிகள் மறந்திருக்க மாட்டார்கள். கரன்ட் போனது, டவர்கள் செயலிழந்தன. 'எங்கே இருக்கீங்க' என்று கேட்கக்கூட வழியில்லாமல் போனது.

என்க்ரிப்ஷன் இருந்தா போதாதா?

பலர் குழப்பிக்கொள்ளும் இடம் இது. என்க்ரிப்ஷன் என்பது கடிதத்தை உறைக்குள் ஒட்டி அனுப்புவது. உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்பது மூன்றாம் நபருக்குத் தெரியாது. ஆனால் தபால் நிலையம் பூட்டிக் கிடந்தால், ஒட்டிய உறையும் போய்ச் சேராது.

தனியுரிமைக்குப் பெயர்பெற்ற சிக்னல் செயலிக்கே இது நடந்தது. 2025 அக்டோபர் 20 அன்று அமேசானின் கிளவுட் சேவையில் கோளாறு ஏற்பட்டபோது, சிக்னலும் சேர்ந்து தடுமாறியது. காரணம், அதுவும் அமேசானின் சர்வர்களை நம்பி இருப்பதுதான்.

சரி, மாற்று என்ன?

இங்கேதான் கவனம் தேவை. 'மையமில்லாதது' என்ற ஒரே பெயரில் மூன்று வேறு வேறு விஷயங்கள் சுற்றி வருகின்றன. ஒவ்வொன்றும் ஒவ்வொரு நோய்க்கான மருந்து.

முதல் வகை, கூட்டமைப்பு. நீங்கள் தினமும் பயன்படுத்தும் இ-மெயில் இந்த வகைதான். ஜிமெயிலில் இருந்து யாகூவுக்கோ, ஒரு கல்லூரியின் சொந்த சர்வருக்கோ மெயில் போகும். யாரும் இ-மெயிலுக்கு முதலாளி இல்லை. சமூக வலைதளத்தில் இதே முறையில் இயங்குவது 2016-ல் ஜெர்மனியில் தொடங்கிய மாஸ்டோடன். சாட்டிங்கில் மேட்ரிக்ஸ். பிரான்ஸ் அரசு ஊழியர்களுக்கான 'சாப்' செயலியும், ஜெர்மன் ராணுவத்தின் மெசெஞ்சரும் மேட்ரிக்ஸ் முறையில்தான் ஓடுகின்றன. தங்கள் அதிகாரிகளின் பேச்சு இன்னொரு நாட்டு நிறுவனத்தின் சர்வரில் இருக்கக் கூடாது என்று அரசுகளே நினைக்கின்றன.

நேபாளம் தடை செய்த 26 பெயர்களில் மாஸ்டோடனும் ஒன்று. ஆனால் அதை நடத்துவது ஒரே நிறுவனம் இல்லை, உலகெங்கும் தனித்தனியாக ஓடும் ஆயிரக்கணக்கான சர்வர்கள். யாரை அழைத்துப் பதிவு செய்யச் சொல்வது?

இரண்டாவது வகை, மெஷ். பிட்சாட், பிரையர், பிரிட்ஜ்ஃபை இந்த ரகம். உங்கள் போனில் இருந்து பக்கத்தில் இருப்பவரின் போனுக்கு புளூடூத்தில் மெசேஜ் தாவும். பிட்சாட், பிரிட்ஜ்ஃபையில் அது அங்கிருந்து அடுத்தவர் போனுக்கும் தாவும். கூட்டத்தில் கைமாற்றிக் கைமாற்றித் துண்டுச்சீட்டு போவது போல. பிட்சாட்டில் ஒரு மெசேஜ் இப்படி 7 தாவல் வரை போகும். 2014-ல் ஹாங்காங் போராட்டக்காரர்கள் ஃபயர்சாட் என்ற செயலியையும், 2019-ல் பிரிட்ஜ்ஃபையையும் இப்படித்தான் பயன்படுத்தினார்கள்.

மூன்றாவது வகை, ரேடியோ. பழசு, ஆனால் சோதித்துப் பார்த்தது. 2004 சுனாமியில் அந்தமான் துண்டிக்கப்பட்டபோது செய்தி கொண்டு வந்தவர்கள் ஹாம் ரேடியோக்காரர்கள். 2015 சென்னை வெள்ளத்திலும் அவர்கள் களத்தில் இருந்தார்கள். பேட்டரியும் ஆன்டெனாவும் இருந்தால் போதும். 12 வயது நிரம்பிய யாரும் தேர்வு எழுதி மத்திய அரசிடம் லைசென்ஸ் வாங்கலாம்.

எங்கே சறுக்குகிறது?

மருந்து மாறினால் வேலை செய்யாது. இன்டர்நெட்டையே நிறுத்திவிட்டால் மாஸ்டோடனால் பயனில்லை. வேளச்சேரியில் இருந்து துபாய்க்கு புளூடூத் எட்டாது. அக்கம்பக்கத்தில் நிறைய பேர் அதே செயலியை வைத்திருந்தால்தான் மெஷ் வேலை செய்யும். ஆள் இல்லாத தெருவில் அது வெறும் ஐகான்தான்.

அடுத்தது பாதுகாப்பு. ஹாங்காங்கில் பலர் நம்பிப் பயன்படுத்திய பிரிட்ஜ்ஃபையில், யார் யாரோடு பேசுகிறார்கள் என்று கண்டுபிடிக்கும் அளவுக்கு ஓட்டைகள் இருந்ததை 2020-ல் லண்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளிப்படுத்தினர். பிட்சாட் வெளியான புதிதில், வெளி நிபுணர்கள் இதை இன்னும் பரிசோதிக்கவில்லை என்ற எச்சரிக்கையை டோர்சியே போட்டார். உயிர் பயத்தில் இருப்பவர் கையில் பாதுகாப்பு பரிசோதிக்கப்படாத செயலி இருப்பது, செயலியே இல்லாததைவிட ஆபத்தாகலாம்.

மூன்றாவது, பொறுப்பு. வாட்ஸ்அப்பில் வதந்தி பரவினால் கேட்க ஒரு நிறுவனம் இருக்கிறது. சர்வரே இல்லாத இடத்தில் யாரைக் கேட்பது? 2023 மே மாதம் பிரையர், எலிமென்ட், த்ரீமா உள்பட 14 மெசேஜிங் செயலிகளை மத்திய அரசு முடக்கியது. ஜம்மு காஷ்மீரில் பயங்கரவாதிகள் இவற்றைப் பயன்படுத்துகிறார்கள் என்று காரணம் சொல்லப்பட்டது. அந்தக் கவலையை ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது. அதேசமயம், பேரிடர் நேரத்தில் கைகொடுக்கக்கூடிய பிரையர் போன்ற கருவியும் அந்தப் பட்டியலில் போய்ச் சேர்ந்தது. எலிமென்ட் செயலியோ, பிரான்ஸ் அரசு நம்பும் அதே மேட்ரிக்ஸில் ஓடுவது.

அப்போ என்னதான் செய்வது?

வாட்ஸ்அப்பை டெலிட் செய்ய வேண்டியதில்லை. தொட்டி இருக்கட்டும், பக்கத்தில் ஒரு கிணறும் இருக்கட்டும் என்பதுதான் விஷயம். கிணறு என்றால் தூர்வாருவது நம் வேலை என்பதையும் மறக்கக் கூடாது.

முக்கியமான நம்பர்களை ஒரு தாளில் எழுதி வைப்பது, வாட்ஸ்அப் குரூப்பை மட்டும் நம்பாமல் குடும்பத்தாரின் இ-மெயில் முகவரியையும் வைத்திருப்பது, இன்டர்நெட் போனாலும் சாதாரண அழைப்பும் எஸ்.எம்.எஸ்ஸும் வேலை செய்யலாம் என்பதை வீட்டுப் பெரியவர்களுக்குச் சொல்லி வைப்பது... இவை எல்லாம் இன்றே செய்யக்கூடியவை. மழைக்காலத்தில் மூழ்கும் பகுதியில் இருக்கும் குடியிருப்போர் நலச் சங்கம் ஒன்று, நாலு பேருக்கு ஹாம் லைசென்ஸ் வாங்கிக் கொடுத்தால் அந்தத் தெருவுக்கே ஒரு வழி திறந்திருக்கும்.

எதைத் தேர்ந்தெடுத்தாலும், அதை முன்கூட்டியே போனில் ஏற்றி, அக்கம்பக்கத்தாரோடு ஒருமுறை அனுப்பிப் பார்த்திருக்க வேண்டும். நெட் நின்ற பிறகு பிளே ஸ்டோரும் திறக்காது.