இந்தப் பையை நீங்களே அடுக்கினீர்களா?



வளைகுடா நாடுகளில் ஒரு பிள்ளையாவது இல்லாத வீடு நம் சபையில் இன்று குறைவு. பேரப்பிள்ளை பிறந்த செய்தி வந்ததும், சொந்த மாவட்டத்தைத் தாண்டியிராத தாய்மார்கள்கூட விமானம் ஏறுகிறார்கள். புறப்படுமுன் ஜெபிக்க வருகிறவர்கள் தவறாமல் ஒன்றைக் கேட்பார்கள்: “ஐயா, செக்கிங்கில் நிறுத்தி வைத்துவிடுவார்களா?”

பெரும்பாலும் நம்மை நிறுத்துவது நம் கவனக்குறைவே. பன்னாட்டுப் பயணத்தில் கைப்பையில் வைக்கும் திரவம் எதுவும் 100 மில்லிலிட்டருக்கு மேற்பட்ட புட்டியில் இருத்தலாகாது. புட்டி பாதி காலியாக இருந்தாலும் அதன் கொள்ளளவே கணக்கு. 2006 ஆகஸ்டில், பானப் புட்டிகளில் வெடித்திரவம் கொண்டு விமானங்களைத் தகர்க்கும் சதி இலண்டனில் வெளிப்பட்ட பிறகு வந்த விதி இது. ஊறுகாயும் தொக்கும் நன்கு கட்டப்பட்டுப் பெரிய பெட்டிக்குள் போகட்டும். பவர் பேங்க் நேர்மாறானது, கைப்பையில்தான் இருக்கவேண்டும். கொப்பரைத் தேங்காயோ, எண்ணெய்ப் பசையால் எளிதில் தீப்பற்றும் என்பதால், தடைப் பட்டியலில் உள்ளது. மருந்துகளோடு மருத்துவரின் சீட்டும் கூடவே இருக்கட்டும். இருதயத்தில் பேஸ்மேக்கர் பொருத்தப்பட்டவர்கள் உலோகங் கண்டறியும் வாயிலை அணுகுமுன்னரே காவலரிடம் சொல்லிவிடுங்கள். வெள்ளி அரைஞாண் அணிந்த பெரியவர்கள் அங்கே மணி ஒலித்தால் பதற வேண்டியதில்லை. பெண்களைத் திரை மறைவில் பெண் காவலரே சோதிப்பார்.

இவையெல்லாம் ஒரு மாலைப்பொழுதில் கற்றுக்கொள்ளக் கூடியவை. என் மனதை வருத்துவது வேறொன்று. ஒருவர் வெளிநாடு செல்கிறார் என்று தெரிந்ததும், அவர் வீட்டுத் திண்ணையில் பொட்டலங்கள் வந்து சேருகின்றனவே, அந்த வழக்கம். வாங்க மறுத்தால் அன்பில்லாதவர் என்ற பெயர். நானும் அந்தப் பெயருக்கு அஞ்சியவனே.

சில ஆண்டுகளுக்கு முன் துபாய் சென்றபோது, நம் சபையின் ஒரு தாய் தம் மகனுக்கென்று நூலால் இறுகக் கட்டிய பொட்டலம் ஒன்றைத் தந்தார். முறுக்கு என்றார். பிரித்துப் பார்ப்பது அவரை அவமதிப்பதாகும் என்று எண்ணிக் கைப்பையில் வைத்துக்கொண்டேன். பெட்டிகளை ஒப்படைக்கும் இடத்தில், “பையை நீங்களே அடுக்கினீர்களா? யாராவது ஏதேனும் கொடுத்தனுப்பினார்களா?” என்று கேட்டார்கள். பின்னால் வரிசை நீண்டிருந்தது. “எல்லாம் என்னுடையதே” என்றேன். பொய் சொல்லலாகாது என்று வாரந்தோறும் பிரசங்கிக்கிற வாய் அது!

எக்ஸ்ரே கருவி கைப்பைக்குள் ஒரு புட்டியைக் காட்டியது. காவலர் பொட்டலத்தைப் பிரித்தார். முறுக்கோடு ஒரு பெரிய தலை எண்ணெய்ப் புட்டியும், கறிக் குழம்புக்கென்று கால் கிலோ கசகசாவும் இருந்தன. நல்லவேளையாக அவர் தமிழர். “எந்த ஊருக்குப் போகிறீர்கள் ஐயா?” என்றார். சொன்னேன். “அங்கே இதைக் கொண்டுபோனால் சிறை” என்று கசகசாவை எடுத்து ஒதுக்கினார். ஐக்கிய அரபு அமீரகத்தில் அது தடைசெய்யப்பட்ட பொருள் என்பதை அன்றுதான் அறிந்தேன். “யார் கட்டிய பொட்டலம்?” என்று அவர் கேட்டதற்கு மட்டும் என்னால் உடனே விடை சொல்ல முடியவில்லை.

அந்தக் கேள்வியை வெறும் சடங்கென்று நினையாதிருங்கள். 1984 ஆகஸ்டு 2 அன்று, பெட்டிகளை ஒப்படைத்த பயணி ஒருவர் விமானம் ஏறாமல் மறைந்தார். அந்தப் பெட்டிகள் மீனம்பாக்கம் விமான நிலையத்திலேயே வெடித்துப் பல உயிர்களைக் குடித்தன. அடுத்த ஆண்டு ஜூன் 23 அன்று ஏர் இந்தியாவின் கனிஷ்கா விமானம் அட்லாண்டிக் கடலின்மேல் சிதறி 329 பேர் மாண்டனர். அதிலும் ஏறாத ஒருவரின் பெட்டியே வெடித்தது. உரியவர் விமானத்தில் இல்லையெனில் அவரது பெட்டியும் போகலாகாது என்ற ஏற்பாடு இத்தகைய மரணங்களினால் வலுப்பெற்றது. பிறர் பொட்டலத்தை நம்முடையதென்று சொல்லும்போது அந்த ஏற்பாட்டில் நாமே ஓட்டை போடுகிறோம்.

ஆகவே என் கருத்தை ஒளிக்காமல் சொல்கிறேன். நூல் கட்டிய பொட்டலத்தை எவரிடமிருந்தும் வாங்காதீர்கள், என்னிடமிருந்தும் வாங்காதீர்கள். கொடுக்க விரும்புகிறவர்கள் திறந்த பையில் கொண்டுவந்து, பயணியின் கண்முன் ஒவ்வொன்றாக எடுத்து வைக்கட்டும். அதைக் குறையாக எண்ணுகிறவர்களுக்கு அஞ்சலகம் இருக்கிறது. கேட்கப்படும்போது உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். பத்து நிமிடம் தாமதமாகலாம், ஆகட்டும்.

ஊர் திரும்பியதும் அந்தத் தாயிடம் நடந்ததைச் சொன்னேன். முகம் வெளிறிப்போயிற்று. நெடுநேரம் மௌனமாக இருந்துவிட்டு, “முறுக்காவது அவன் கைக்குப் போய்ச் சேர்ந்ததா ஐயா?” என்று கேட்டார்.