சுடவைத்த மசாலும் சுடச்சுடக் கேட்கும் நாக்கும்

சமையற்கட்டைப் பற்றி நம் இலக்கியவாதிகள் எழுதும் கட்டுரைகளைத் தொடர்ந்து வாசித்து வருகிறோம். முதல்நாள் மண்சட்டியில் வைத்த மீன்குழம்பு மறுநாள் எப்படிச் சுவை கூடியிருந்தது என்றொரு பத்தி அவற்றில் தவறாமல் வந்துவிடுகிறது. சுண்டக்குழம்புக்கும் பழையதற்கும் அங்கே காவியத் தகுதி கிடைக்கிறது. நல்லது, அச்சுவையை நாமும் அறிவோம். ஆனால் காலையில் பூரிக்குச் செய்த உருளைக்கிழங்கு மசாலை இரவுச் சப்பாத்திக்குச் சுடவைத்துப் பரிமாறினால், அதே எழுத்தாளர் முகம் சுளிக்கிறார். கிழங்கை மறுபடி சூடாக்கினால் வாயில் வைக்க முடியாது என்று தீர்ப்பும் வழங்கிவிடுகிறார். இத்தீர்ப்பு பிழையானது என்பதே நமது வாதம்.

முதலில் கிழங்கைப் பார்ப்போம். வேகும்போது அதன் மாவுச்சத்து நீரை உறிஞ்சி உப்புகிறது. கையாலோ மத்தாலோ சூடாக இருக்கையில் மசித்தால், அந்த மாவுச்சத்து பெரும்பாலும் கிழங்கின் நுண்ணறைகளுக்குள்ளேயே அடங்கிக் கிடக்கும். மசியல் பூப்போல உதிரும். மிக்ஸியில் இட்டு அரைத்தாலோ அறைகள் உடைந்து மாவுச்சத்து வெளியேறிப் பசையாகிவிடும். தோலுரித்துத் துண்டாக்கி வேகவைத்தால் கிழங்கு வேண்டாத நீரையும் குடித்துக்கொள்ளும். ஆகவே தோலோடு முழுதாக வேகவைத்து, ஆங்காங்கே சிறு துண்டுகள் நிற்குமாறு மசிப்பதே முறை. காலையிலேயே பசையாகிப்போன ஒன்றை இரவில் எப்படிச் சூடாக்கினாலும் பசையாகத்தான் இருக்கும். அதற்குச் சுடவைத்தவரைப் பழிப்பது நியாயமில்லை.

ஆறிய மசால் இறுகுவது இயல்பு. உப்பிய மாவுச்சத்து ஆறும்போது மீண்டும் நெருங்கிச் சேர்கிறது. குழைவுக்காகக் கரைத்து ஊற்றிய கடலைமாவும் உடன் கெட்டிப்படுகிறது. அது கெட்டுவிட்டதன் அடையாளமன்று. அடிகனமான வாணலியில் இட்டு, கால் தம்ளர் வெந்நீர் தெளித்து, மூடிவைத்துச் சிறுதீயில் ஐந்து நிமிடம் விட்டு, இடையிடையே அடியிலிருந்து மெல்லப் புரட்டினால் மீண்டும் இளகும். எலுமிச்சைச் சாற்றையும் கொத்தமல்லித் தழையையும் காலையில் முழுவதும் கொட்டிவிடாமல், பாதியை இந்த வேளைக்கென வைத்திருந்தால் மணமும் திரும்பும். இத்தனையையும் விடுத்து, வெறும் வாணலியில் பெருந்தீயில் தீய்த்துவிட்டுக் கிழங்கைக் குறைசொல்கிறோம்.

உடல்நலம் பேசுவோரின் எச்சரிக்கையை நாம் தள்ளவில்லை. வேகவைத்தாலும் சாகாத நுண்ணுயிர் வித்துகள் கிழங்கில் உண்டு. வெதுவெதுப்பான சூட்டில் அவை முளைத்துப் பெருகும். எனவே மசாலைப் பகல் முழுவதும் மேடையில் வைத்திருக்கலாகாது. இரண்டு மணி நேரத்துக்குள் அகன்ற பாத்திரத்தில் பரப்பிக் குளிர்பெட்டியில் வைத்து, வேண்டிய அளவை மட்டும் எடுத்து, நடுப்பகுதியிலும் ஆவி பறக்குமாறு ஒரே முறை சூடாக்க வேண்டும். இது சேமிக்கும் முறையைப் பற்றிய எச்சரிக்கை. சுடவைத்ததே ஆகாது என்னும் விதி இதிலிருந்து பிறக்காது.

சாத்திரம் பேசுவோரும் உண்டு. கீதையின் 17ஆம் அத்தியாயம், சமைத்து ஒரு யாமம் கடந்த உணவைத் தாமச குணத்தாருக்கு உரியதாக்குகிறது. யாமம் என்பது மூன்று மணி நேரம். அந்தக் கணக்கைக் கைக்கொள்வோர் முதலில் சுண்டக்குழம்பைத் துறக்கட்டும். பழைய சோற்றைப் பற்றிய கட்டுரைகளையும் திரும்பப் பெறட்டும். குழம்புக்கு ஒரு சாத்திரம், கிழங்குக்கு ஒரு சாத்திரம் என்பது எந்த மரபு?

இங்கே பேசப்படுவது நாக்கைப் பற்றி மட்டுமன்று. வேளைக்கு வேளை புதிதாக வேண்டும் என்பவர், வேளைக்கு வேளை ஒருவர் அடுப்படியில் நிற்க வேண்டும் என்கிறார். அந்த ஒருவர் யார் என்பதைச் சொல்லத் தேவையில்லை. 2019இல் நடுவண் அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, ஊதியமற்ற வீட்டுவேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்காக நாளொன்றுக்குச் செலவிட்டது சராசரியாக 299 நிமிடம். ஈடுபடும் ஆண்கள் செலவிட்டது 97 நிமிடம். பெண்ணியம் குறித்து நாம் நடத்தும் கருத்தரங்குகளின் எண்ணிக்கையோடு இந்த எண்களைச் சேர்த்து வாசித்தால் நமக்கே கூச்சம் வரும். அம்மாவின் கைப்பக்குவத்தைப் போற்றி நாற்பது பக்கம் எழுதுகிறோம். அந்தக் கை ஒருவேளையேனும் ஓய்ந்திருக்கட்டும் என்று ஒரு வரி எழுதுவதில்லை.

எனவே நண்பர்களுக்கு நாம் முன்வைப்பது ஒரு வேண்டுகோள். அடுத்த முறை மசால் மீந்தால், அதைத் தாமே எடுத்து, மேற்சொன்னபடி தாமே சுடவைத்து உண்டு பார்க்கட்டும். அதன் பின்னரும் புதிதாகத்தான் வேண்டும் என்று நாக்கு அடம்பிடித்தால் தடையில்லை. கிழங்கு கூடையில் இருக்கிறது. அடுப்பும் அங்கேயேதான் இருக்கிறது.