வீண் நிலம் என்று ஒரு பொய்

எங்கள் அந்தியூர்ப் பக்கத்துக் குடும்பங்களில் இப்போது ஒரு பேச்சு சகஜமாகிவிட்டது. பையனுக்குப் பழைய மகாபலிபுரம் சாலையில் கம்ப்யூட்டர் உத்தியோகம். வேளச்சேரிக்கோ பெரும்பாக்கத்துக்கோ அருகில் அடுக்குமாடியில் ஒரு வீடு வாங்கியாயிற்று. சந்தோஷமான சமாசாரம்தான். அந்தச் சந்தோஷத்தில் நான் மண்ணை அள்ளிப் போடுவதாக யாரும் கோபித்துக்கொள்ள வேண்டாம். அந்த வட்டாரத்தில் மண்ணை அள்ளிப் போட்ட பிறகுதான் பல வீடுகளே எழும்பின.

பள்ளிக்கரணைச் சதுப்பைத்தான் சொல்கிறேன். கடலோர மணல்மேட்டுக்குப் பின்னால் கிடக்கும் பெரிய தாழ்வு அது. தென்சென்னை ஏரிகளின் உபரிநீரெல்லாம் அங்கே வந்து சேர்ந்து, ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாயில் இறங்கி, கோவளத்தில் கடலை அடைகிறது. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் அவ்வளவு நீரையும் ஒரே மூச்சில் கடலுக்கு அனுப்ப அந்த ஒடுங்கிய வழியால் முடியாது. அதுவரை தாங்கி வைத்துக்கொள்வது இந்தச் சதுப்பு. கோரையும் சேறுமாக இருப்பதால்தான் கூழைக்கடாவுக்கும் பூநாரைக்கும் தாழைக்கோழிக்கும் அங்கே பிழைப்பு.

இதற்கு நாம் வைத்த பெயர் வீண் நிலம்! நெல் விளையவில்லையாம். சரி என்று நகரத்துக் குப்பையைப் பெருங்குடியில் கொண்டுபோய்க் கொட்டினோம். ரோடு போட்டோம், ரயில் பாதை போட்டோம். கடலை ஆராயும் மத்திய சர்க்கார் நிலையமும் காற்றாலையை ஆராயும் நிலையமும் அந்தச் சதுப்பு நிலத்திலேயே எழுந்தன. படித்தவர்களுக்கே இடம் தெரியவில்லை என்றால் மனை வியாபாரியை மட்டும் நொந்து என்ன பயன்?

2007-இல் 317 ஹெக்டேரைக் காப்புக்காடாக அறிவித்தார்கள். 2022-இல் 1,247 ஹெக்டேருக்கு ராம்சார் என்னும் சர்வதேச அந்தஸ்து வந்தது. அந்தஸ்து வந்தும் எல்லை எது என்ற வழக்கு ஓயவில்லை. எல்லைக்குள்ளேயே அடுக்குமாடிக்கு அனுமதி தரப்பட்டதாக 2025-இல் விவகாரம் கிளம்பி, பசுமைத் தீர்ப்பாயமும் உயர் நீதிமன்றமும் குறுக்கே வந்து நிறுத்த வேண்டியிருந்தது. கல் நட்டு எல்லை காட்டுவதற்கு முன்னால் பட்டயம் வாங்கி மாட்டிக்கொண்ட அவசரத்தின் பலன் இது.

"பறவை பெரிசா, மனுஷன் பெரிசா?" என்று ஒரு கேள்வியைத் தயாராக வைத்திருப்பார்கள். 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் வேளச்சேரி, பள்ளிக்கரணை, பெரும்பாக்கம் வீதிகளில் படகில் ஏற்றி மீட்கப்பட்டது பறவைகள் அல்ல. அந்தப் பெரும்பாக்கத்தில்தான் நகரத்து ஆற்றங்கரைக் குடிசைவாசிகளையும் சர்க்கார் அடுக்குமாடிகளில் கொண்டுபோய்க் குடிவைத்தது. அவர்களை யாரும் விருப்பம் கேட்கவில்லை. விருப்பப்பட்டு, வங்கிக் கடன் வாங்கி, இருபது வருஷத் தவணைக்குக் கையெழுத்துப் போடுகிற நமக்கு அந்தச் சாக்குக் கிடையாது.

நமக்குத் தெரியாத விஷயமா இது? வரட்டுப்பள்ளம் அணை நிரம்பி வழிந்தால் தண்ணீர் கெட்டிசமுத்திரம் ஏரிக்கு வந்து, அங்கிருந்து எங்கள் பெரிய ஏரிக்கு இறங்குகிறது. வறட்சியில் அந்த உள்வாய் வெடித்துக் கிடக்கும்போது, வீணாகக் கிடக்கிறதே என்று அதற்குள் சாளை போடப் போகிறவனைப் பார்த்து எங்கள் ஊர்க் கிழவர்கள், "ஏனப்பா, புத்தி கித்தி கெட்டுப் போச்சா?" என்றுதான் கேட்பார்கள். அந்தக் கிழவரின் பேரன் சென்னைக்குப் போனதும், வில்லங்கச் சான்றும் அனுமதிப் பத்திரமும் சரியாக இருந்தால் போதும் என்கிறான்! பத்திரத்தைப் படித்துவிட்டா வெள்ளம் வருகிறது?

சதுப்பின் ஒவ்வொரு சர்வே எண்ணையும் பத்திரப்பதிவு அலுவலகத்து வாசலில் எழுதித் தொங்கவிடச் சொல்லிச் சர்க்காரைக் கேட்க வேண்டும். அந்த எண்களுக்குப் பதிவே கூடாது. அதுவரை, முன்பணம் கொடுக்கப் போகிறவர்கள் தங்கள் மனையின் சர்வே எண்ணைச் சதுப்பின் வரைபடத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கட்டும். "எல்லாத்துக்கும் அனுமதி இருக்குங்க" என்று விற்பவர் சொன்னால், 2015 டிசம்பரில் இந்த இடத்தில் எத்தனை அடி தண்ணீர் நின்றது என்று அவரிடம் அல்ல, எதிரே இருக்கும் டீக்கடைக்காரரிடம் கேட்கட்டும்.