முகப்புச் சுவரும் மின்பெட்டியும்

காரைக்குடி, கானாடுகாத்தான், பள்ளத்தூர் முதலிய செட்டிநாட்டு ஊர்களில் நகரத்தார் சமூகத்தினர் எழுப்பிய பெரிய வீடுகளின் முகப்பில், பர்மாத் தேக்கில் செதுக்கிய வாசல்நிலைக்குப் பக்கத்திலேயே, ஒரு பழைய மரப்பலகையும், அதன்மேல் இரண்டு மூன்று மீட்டர்களும், துருவேறிய இரும்பு மெயின் சுவிட்சும், பீங்கான் ஃப்யூஸ் கட்டைகளும், வெவ்வேறு காலத்தில் வெவ்வேறு வயர்மேன்கள் இழுத்துவிட்ட கம்பிகளும், கணக்கெடுப்பு அட்டையைச் செருகிவைத்த ஆணியும் காட்சியளிப்பதை அந்தப் பக்கம் போய்வருகிறவர்கள் எல்லாரும் கண்டிருப்பார்கள். இந்த அவலட்சணத்தை அகற்ற வேண்டும் என்று வீட்டுக்காரர்கள் எண்ணுவது நியாயமே. ஆனால் அதற்காகச் சுவரைக் கொத்திக் கம்பியை உள்ளே புதைப்பதும், மின்பெட்டியைக் கண்ணுக்கும் கைக்கும் எட்டாத மூலையில் அடைத்துவைப்பதும் இப்போது பெருகிவருகின்றன. இவ்விரண்டும் தவறு என்பதே என் திடமான அபிப்பிராயம்.

இவ்வீடுகளுள் பெரும்பாலானவை பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி தொடங்கி 1940-கள் வரையில் கட்டப்பட்டவை. பல வீடுகளில் சுவர் முந்தியது, மின்சாரம் பிந்தியது. அமெரிக்காவிலும் கனடாவிலும் பல வீடுகளில் நிலத்தடியில் ஓர் அறை இருப்பதால், மின்பெட்டியை அதன் சுவரில் மாட்டிவிட்டு வரவேற்பறையைச் சுத்தமாக வைத்துக்கொள்கிறார்கள். உயர்ந்த அடித்தளத்தின்மேல் எழுந்த நம் வீடுகளில் அத்தகைய அறை இல்லை. ஆகவே தெருவிலிருந்து வந்த சர்வீஸ் கம்பி எட்டிய முதல் இடமாகிய முகப்பே மின்பெட்டிக்கும் இடமாயிற்று. ஆயினும் அக்காலத்து வயர்மேன்கள் ஒரு விஷயத்தில் மிகுந்த விவேகம் காட்டினார்கள். அவர்கள் சுவரை வெட்டவில்லை. உத்தரத்தின் ஓரமாகவும் நிலையின் விளிம்பை ஒட்டியும் தேக்குச் சட்டங்களைப் பொருத்தி, அவற்றின்மேல் கம்பியைக் கொண்டுசென்றார்கள். கம்பி கெட்டால் சட்டத்தைக் கழற்றி மாற்றலாம். சுவருக்கு யாதொரு சேதமும் இல்லை.

செட்டிநாட்டுச் சுவரின் பூச்சு எத்தகையது என்பதை அறிந்தவர் எவரும் அதில் உளி வைக்கத் துணியமாட்டார். நன்கு புளிக்கவைத்த சுண்ணாம்பை மணலுடன் அரைத்து, கடுக்காய் நீரும் கருப்பட்டியும் சேர்த்து, பல அடுக்குகளாகப் பூசி, கடைசி அடுக்கை முட்டையின் வெண்கரு கலந்து கல்லால் தேய்த்துத் தேய்த்து மெருகேற்றினார்கள். சித்திரை வெயிலிலும் அதைத் தொட்டால் உள்ளங்கையில் குளிர்ச்சி ஏறும். அதில் ஓர் அங்குல அகலத்துக்குக் காடி வெட்டி, பிளாஸ்டிக் குழாயைப் பதித்து, சிமெண்டால் மூடிவிட்டால் என்ன நேர்கிறது? சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வாங்கவும் வெளிவிடவும் வல்லது. சிமெண்ட் அதைத் தடுக்கிறது. தேங்கிய ஈரம் உப்பைச் சுமந்துகொண்டு காடியின் இருபுறமும் வெளிவர, சில மழைக்காலங்களுக்குள் பழைய பூச்சு செதில் செதிலாக உரிகிறது. கம்பியோ 25, 30 ஆண்டுகளில் மாற்ற வேண்டிய பொருள். அப்படி அற்ப ஆயுள் கொண்டதற்காக நூற்றாண்டு தாங்கிய பூச்சைப் பலியிடுவது எவ்விதத்திலும் உசிதமன்று.

இரண்டாவது தவறு இதைவிட அபாயகரமானது. மாடிப்படிக்கு அடியில் உள்ள அலமாரியிலோ, பெரிய படச்சட்டத்துக்குப் பின்னாலோ, பழைய சாமான்கள் அடைந்த அறையிலோ மெயின் சுவிட்சை ஒளித்துவைக்கிறார்கள். ஆண்டு முழுவதும் பூட்டிக் கிடந்துவிட்டு, முன்னோருக்குப் படையலிடும் படைப்புக்கும் கல்யாணத்துக்கும் திறக்கப்படும் வீடுகள் இவை. அந்த நாட்களில் வரிசை விளக்குகளும் கிரைண்டரும் ஏர்கண்டிஷனரும் ஒருசேர ஓட, பழைய ரப்பர் உறைக் கம்பிகள் சூடேறுகின்றன. புள்ளிக்கொரு, அதாவது பங்காளிக் குடும்பத்துக்கொரு, மீட்டராகப் பிரிந்துபோன வீட்டில், புகை கிளம்பியபின் எந்தச் சுவிட்ச் வீட்டின் எந்தக் கட்டுக்கு உரியது என்று யார் போய்த் தேடுவது? பழைய கட்டடத்தில் மின்கோளாறு என்ன செய்யும் என்பதற்கு ஓர் உதாரணம்: 2018 செப்டம்பர் 2 அன்று ரியோ டி ஜெனீரோவில், அரச மாளிகையாக இருந்த தேசிய அருங்காட்சியகக் கட்டடம் எரிந்து, இருநூறு ஆண்டுச் சேகரிப்பின் பெரும்பகுதி சாம்பலாயிற்று. ஏர்கண்டிஷனரின் மின் இணைப்பில் இருந்த குறைபாட்டையே காவல்துறை விசாரணை காரணமாகக் காட்டியது. அமெரிக்க மின்விதிகள் மின்பெட்டிக்கு முன்னால் குறைந்தது 36 அங்குல ஆழமும் 30 அங்குல அகலமும் வெற்றிடமாக இருக்க வேண்டும் என்று வற்புறுத்துவது, அதைத் தடையின்றி அணுகிப் பாதுகாப்பாக இயக்க வேண்டும் என்பதற்கே.

இன்வெர்ட்டர் பேட்டரியையும் இதே சிரத்தையோடு கவனிக்க வேண்டும். ஈய அமில பேட்டரி சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வாயு வெளிப்படும். காற்றோட்டம் இல்லாத அறையில் அதை வைக்கலாகாது. வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்ச ரூபாயும் வழங்கியதால் 1948-ல் அஸ்திவாரமிடப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் அமைந்திருக்கும் காரைக்குடியிலேயே இந்த எளிய எச்சரிக்கை புறக்கணிக்கப்படலாமா?

செய்ய வேண்டியது கடினமானதன்று. மீட்டர் மின்வாரியத்தின் பொறுப்பில் உள்ளது. அதிகாரமின்றி அதன் இணைப்பைத் துண்டிப்பது 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டப்படி குற்றம். ஆகவே முறைப்படி விண்ணப்பித்து, கட்டணம் செலுத்தி, முகப்பிலிருந்து சுற்றுச்சுவரின் உட்புறத்துக்கோ அதற்கெனத் தனியே கட்டிய சிறு செங்கல் தூணுக்கோ மீட்டரை மாற்றிக்கொள்ளலாம். அங்கே உள்ளே இரும்புப் பெட்டியும், வெளியே காற்றுப் புகும் தேக்குக் கதவும், கணக்கெடுப்பவர் அளவைப் படிக்க ஒரு கண்ணாடித் துளையும் போதும். ஃப்யூஸ் கட்டைகளுக்குப் பதிலாக, மின்னோட்டம் மிகுந்தால் தானே துண்டிக்கும் எம்.சி.பி.யும், மின்கசிவின்போது துண்டித்து உயிர்காக்கும் ஆர்.சி.சி.பி.யும், சரியான எர்த் இணைப்பும் அமைத்து, ஒவ்வொரு சுவிட்சின் அருகிலும் அது வீட்டின் எந்தப் பகுதிக்கு உரியது என்பதை, பட்டாலை, வளவு, இரண்டாம் கட்டு என்று தமிழில் எழுதிவைக்க வேண்டும். வீட்டுக்குள் புதுக் கம்பிகள் பழைய சட்டங்களின் வழியிலேயே மரக் கேசிங்கில் செல்லட்டும். அப்படிச் செய்த வேலை கண்ணுக்கும் உறுத்தாது. நாளைக்குக் கழற்றவும் எளிது.

செட்டிநாட்டு ஊர்த்தொகுதிகள் 2014 முதல் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னத் தற்காலிகப் பட்டியலில் இருக்கின்றன. ஆனால் ஒரு வீட்டின் சுவரைக் காப்பது பட்டியலன்று, அதற்குப் பாத்தியப்பட்ட பங்காளிகளின் ஒருமித்த தீர்மானம். அடுத்த படைப்புக்கு எல்லாப் புள்ளிகளும் ஒன்றுகூடும்போது, வெள்ளையடிப்புச் செலவைப் பேசுவதற்கு முன், உரிமம் பெற்ற வயர்மேன் ஒருவரை அழைத்து வீட்டின் மின்இணைப்புகள் முழுவதையும் சோதிக்கச் செய்யுங்கள். சுவரில் ஒரு காடிகூட வெட்டக்கூடாது என்பதை முதல் நிபந்தனையாக அவரிடம் சொல்லிவிடுங்கள்.